காலர் அளவு

கழுத்தெலும்பில் தகடு வைத்த ஆபரேஷன் முடிந்து லிங்கராஜ் எட்டயபுரத்துக்கு வந்துவிட்டார். கழுத்து வீங்கினால் மூச்சை அடைக்கும், உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லிங்கராஜ் டெய்லர். மணிக்கொரு தரம் இன்ச் டேப்பால் தன் கழுத்தை அளந்து, தையல் மிஷினை ஒட்டிய சுவரில் சாக்பீஸால் எழுதினார். 15. 15½. 16.

மத்தியானம் 16½ எழுதிவிட்டு, "ஏட்டி, காலர் பிடிக்குது" என்றார் மனைவி வெயிலம்மாளிடம். பட்டன் திறந்துதான் இருந்தது. ஆம்புலன்ஸ் கோவில்பட்டியைத் தொடுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போனார்கள். மறுநாள் காலையில் வீட்டைப் பெருக்கும்போது வெயிலம்மாள் சுவரைப் பார்த்தாள். 16½ க்குக் கீழே 16 என்று இருந்தது. அவர் கையெழுத்துதான். அடுத்த நாள் 15½.

"அதை அழிச்சுப் போட்டுட்டு இங்கன வந்திரு, அக்கா" என்றாள் தங்கை போனில்.

"வீக்கம் வத்திக்கிட்டு வருதுட்டி. இப்ப எப்படி விட்டுட்டு வர?"

இன்று காலை 15. கல்யாணத்திலிருந்து அவருக்கு அதுதான் அளவு. ஆபரேஷனுக்கு முன் அவர் தைத்து, போடாமலே வைத்திருந்த சட்டையை எடுத்து மிஷின் நாற்காலியில் மாட்டினாள். பட்டன் எதையும் போடவில்லை.

தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு திரும்பினாள். கழுத்துப் பட்டன் மட்டும் போட்டிருந்தது.