நாலாவது அழைப்பு

பத்தே முக்காலுக்கு மாதா கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. சவரிமுத்து பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வாசல் கதவை உள்ளே தாழிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன்தான் பெண்ணைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் கீழே போய்விட்டதென்று, அழைப்புத் தட்டோடு மூன்று முறை வந்த தங்கையை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தப் பெண் முதன்முதலில் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கும் இப்படித்தான் முறுக்கிக்கொண்டார். அப்போது நாலாவது முறையாகத் தங்கை அழுதபடி வந்து கூப்பிட்டாள். இப்போதும் வாசலில் வேன் வந்து நின்றது. தட்டட்டும் என்று அவர் அசையாமல் இருந்தார். யாரும் தட்டவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்ச் சுவரோரம் பழைய இரும்பு வாங்கும் மாயாண்டியிடம் தங்கை பிலோமினா பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, தள்ளுவண்டிய ஓரங்கட்டிட்டு வாங்க. பொண்ணைக் கைப்பிடிச்சுக் கூட்டிப்போக ஆள் வேணும்.”

“கையெல்லாம் துருவா இருக்கும்மா.”

அவள் பாட்டில் தண்ணீரை அவன் கையில் ஊற்றினாள். மாமனுக்கென்று வாங்கிய சரிகைத் துண்டைப் பிரித்து அவனுடைய அழுக்குச் சட்டைமேல் போட்டாள்.

“உங்க அண்ணன் வீடு இதுதானம்மா?”

“அங்க ஆளில்லண்ணே. ஏறுங்க.”

சவரிமுத்துவுக்குத் தாழ்ப்பாள் சட்டென்று வரவில்லை. அவர் தெருவுக்கு வந்தபோது வேன் நகர்ந்துவிட்டது. பின்னால் ஓடி அதன் பக்கவாட்டில் ஓங்கி அடித்தார்.

“ஏய் பிலோமி, நான் கிளம்பித்தானடி உக்காந்திருந்தேன்! அவனை எறக்கிவிடு!”