முன்னால் நடந்தவர்

"அத்தா, கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்களேன். நீங்க காலை இழுக்குற இழுப்புல தரை தேஞ்சிடும்!" என்றாள் லாரிசா.

இஷெங்குல் உட்காரவில்லை. நரின் என்ற மலை நகரத்து மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில், சன்னலுக்கும் கதவுக்குமாக, கொட்டிலில் அடைபட்ட குதிரையைப் போல உலாத்திக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் பனி உருகிப் பச்சை எட்டிப் பார்த்தது. அதுதான் அவரை இருக்கவிடாமல் அடித்தது.

ஊர் மந்தைகள் எல்லாம் கோடை மேய்ச்சலுக்கு மலையேறிவிட்டன. ஆடுகளையும் பேரனையும் ஓட்டிக்கொண்டு அவர் மனைவியும் போய்விட்டாள். மகனுக்கு மாஸ்கோவில் கட்டட வேலை. கீழே மிஞ்சியவர்கள் அவரும் மருமகள் உல்ஜானும்தான்.

வீட்டுக்குள் நுழைந்த காசநோயை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கித் துரத்தியாகிவிட்டது. ஆனால், வேண்டாத விருந்தாளி போன பின்னும் எச்சில் தட்டு கிடப்பதைப் போல, நுரையீரலில் வடு மிஞ்சியிருந்தது. அதற்காகத்தான் வாரந்தோறும் இந்த மூச்சுப் பயிற்சி வகுப்பு. இன்றைய நடைச் சோதனையில் தூரம் கூடாவிட்டால், காற்று குறைந்த மலையுச்சிக்கு அனுப்ப முடியாது, கோடை முழுவதும் கீழேதான் என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஊதுற கருவியில நல்லாத்தான் காட்டுது. நடையில மட்டும் போன வாரத்தைவிட ஓரடி கூடல. எனக்கே புரியல" என்றாள் லாரிசா. அவள் பயிற்சி கொடுக்கத் தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்த ருஷ்யப் பெண். பொறுமைசாலி. ஊர் வழக்கப்படி பெரியவர்களை 'அத்தா', அதாவது அப்பா, என்றே கூப்பிடுவாள். "வீட்டுல தினமும் நடை உண்டா, அத்தா?"

"தவறாம உண்டும்மா. ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வர்றோம்."

"மூச்சு வாங்குதா?"

"இல்லவே இல்ல! மேல போய் ரெண்டு கிண்ணம் புளிச்ச குதிரைப்பால் குடிச்சா எந்த நெஞ்சும் ஆறிடும். எங்க பாட்டன் காலத்துல இருந்து அதானே மருந்து?"

"பால் நல்லதுதான் அத்தா. காத்துக்கு எங்க போறது?"

இஷெங்குல் மறுபடி சன்னலோரம் போனார். உல்ஜான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். பெரியவர் பேசும்போது அந்த வீட்டு மருமகள்கள் வாய் திறப்பதில்லை.

சுவரோரப் பெஞ்சில் இருந்த ஜுமாஷ் சிரித்தான். லாரி ஓட்டுபவன். வகுப்பில் இன்றைக்குத்தான் சேர்ந்திருந்தான். "பெரியவரே, இந்த நடை நடந்தா நீங்க மலையேறிச் சேரும்போது அடுத்த பனியே விழுந்திருக்கும்."

"என் மூச்சுல ஒரு குறையும் இல்ல, தம்பி. முட்டிதான் மக்கர் பண்ணுது. குதிரை உதைச்ச முட்டி."

"அப்படித்தான் நானும் சொன்னேன். எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், லாரிதான் இருமுதுன்னு. விட்டாங்களா?"

இஷெங்குலுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "மந்தைக்கு முன்னால போற கிடா நிதானமாத்தான்டா போகும். துள்ளுறது குட்டிங்க வேலை."

"ஆரம்பிக்கலாமா?" லாரிசா கடிகாரத்தை உயர்த்தினாள். "ஆறு நிமிஷம். ஓடக் கூடாது. முடிஞ்ச மட்டும் வேகமா நடக்கணும்."

இஷெங்குல் கம்பளித் தொப்பியை அழுத்திக்கொண்டு புறப்பட்டார். உல்ஜான் வழக்கம்போல அவருக்கு ஓரெட்டுப் பின்னால் வந்தாள். மேலே கூடார வாசலில் நின்று பேரன் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு அவரை முன்னால் தள்ளியது. கதவைத் தொட்டுத் திரும்பினார். சன்னலைத் தொட்டுத் திரும்பினார்.

"இன்னும் வேகம்! போதாது!" என்று லாரிசா கத்தினாள்.

"பெரியவரே, கியரை மாத்துங்க!" என்றான் ஜுமாஷ்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டி நடை போட்டார். இன்றைக்கு விட்டால் இனி கோடை முடிந்து மந்தை இறங்கும்போதுதான். அத்தனை நாள் அந்தச் சின்னப் பயல் எப்படித் தாங்குவான்? இன்னும் ஓரெட்டு, இன்னும் ஓரெட்டு என்று காலை விரட்டினார். பாதித் தாழ்வாரத்தில் முட்டி மடங்கியது. சுவரைப் பிடித்து, தடுமாறி, பெஞ்சில் விழுந்தார்.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார்.

பின்னால் வந்த காலடிகளும் அங்கேயே நின்றன.

லாரிசா கடிகாரமும் கையுமாக ஓடி வந்தாள். ஆனால், அவரிடம் நிற்கவில்லை. அவரைக் கடந்து உல்ஜானிடம் போனாள். "நீ ஏன் நின்னுட்ட? மூச்சு முட்டுதா?"

"இல்லக்கா" என்று உல்ஜான் முணுமுணுத்தாள். "அத்தா முன்னால இருக்கும்போது, அவரைத் தாண்டி நான் எப்படி?"

லாரிசா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப் பெண்ணே! காசநோய் வந்து பிழைச்சவ நீ! அவர் உனக்குத் துணைக்கு நடக்க வந்தவர். இத்தனை வாரமா நான் அவரோட முட்டியையா அளந்துக்கிட்டிருந்தேன்?"

இஷெங்குல் மெல்ல எழுந்தார். மருமகளைப் பார்க்காமல், சுவரை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"போ, மகளே. நான் பார்க்கல. உன் பிள்ளை காத்துக்கிட்டிருக்கான்."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கணம் தயக்கம். பிறகு, அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து முதன்முறையாக, அந்தக் காலடிகள் விறுவிறுவென்று அவரைத் தாண்டிப் போயின.