குதிக்க வேண்டிய இடம்

“பாட்டை நிறுத்துங்க. அது எங்கம்மா குரல்” என்றேன். காலேஜில் யாரையும் எதிர்த்துப் பேசாதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

கலைவிழா நடன ஒத்திகை நின்றது. இந்த வருடத்தின் பெரிய ஹிட் அந்தப் பாட்டு. என் அண்ணன் சாவில் அம்மா வைத்த ஒப்பாரியை யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். பாட்டைப் போட்டவர்கள் அதை எடுத்து, அவள் மூச்சுக்குத் திணறுகிற இடத்தைத் தாளமாக்கிவிட்டார்கள். சரியாக அங்கேதான் நாங்கள் குதிக்க வேண்டும். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதில்தான் வயிறு எரிகிறது.

“உங்கம்மாவா? செமடி. மேடைக்குக் கூட்டிட்டு வா, லைவா பாடட்டும்” என்றாள் ஆட்டம் சொல்லித்தரும் நிவேதிதா. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

“லைவா பாட அவங்களுக்கு இன்னொரு மகன் இல்லடி.”

வெளியே நடந்தேன். பின்னால் பாட்டை மறுபடி போட்டார்கள். பாட்டைப் போட்டவர்கள் மேல் கேஸ் போடுவதென்றால் அம்மாதான் போட வேண்டும். அதற்கு முதலில் இந்தப் பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.