சொன்ன விலை

அந்தக் கடலோர ஊரில் சொன்ன விலையை அப்படியே கொடுப்பவர்கள் இரண்டே பேர்: ஒருவன் புதுமாப்பிள்ளை, மற்றவன் இழவு வீட்டுக்குச் சாமான் வாங்க வந்தவன். மற்றவர்கள் பேரம் பேசாமல் உப்புக்கூட வாங்கமாட்டார்கள். அதனால்தான், புயலில் மகன் டெல்வினின் படகு திரும்பாமல் போனபின் முதன்முதலாக மீன்கூடையோடு தெருவுக்கு வந்த அமலோற்பவம், முதல் வாசலில் சொன்ன விலை அப்படியே கைக்கு வந்ததும், அடுத்த வாசலில் விலையை ஏற்றிப் பார்த்தாள். ஒரு வாசலிலும் யாரும் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. அவள் ஏற்றிக்கொண்டே போனாள். தெருவும் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியாக, அக்கா முறையில் ‘லாத்தா’ என்று அவள் கூப்பிடும் ருக்கையா பீவியின் வாசலில் கூடையை இறக்கினாள். ஒரு சாளை மீன் கொசுறுக்காக வெயில் ஏறும்வரை மல்லுக்கு நிற்கிற மகராசி. இவள் விடமாட்டாள். அமலோற்பவம் வாய்க்கு வந்த விலையைச் சொன்னாள். ருக்கையா வழக்கம்போல விளமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினாள்.

“என்ன லாத்தா, செவுள் வெளுத்துக் கெடக்கே, பாக்கலியா?”

“பாத்தேன் புள்ள. நீ வச்சுக்க.”

“நேத்து மீன என் தலையில கட்டப் பாக்கியான்னு கேளுங்க.”

ருக்கையா பணத்தை இன்னும் கிட்டே நீட்டினாள்.

“பாதி வெலைக்குக் கேளுங்க லாத்தா. கொள்ளக்காரின்னு ஏசுங்க. ருக்கையா லாத்தா இன்னைக்கு என்ன ஏசுனாகன்னு, டெல்வின் வந்ததும் கேப்பான்லா?”

அமலோற்பவம் பணத்தை வாங்கவில்லை. நீட்டிய கையை ருக்கையாவும் மடக்கவில்லை.