உள்ளேயா, வெளியேயா?

“இது கெர்னலுக்குள்ள வரவேண்டிய சமாச்சாரமே இல்லம்மா” என்றார் நந்தி.

எதையும் உள்ளே விடாமல் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் டீம் தலைவரான அவருக்கு அலுவலகத்தில் அந்தப் பெயர். கெர்னல்தான் கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் உயிர்நாடி. அதில் ஒரு வரி சேர்ப்பதென்றாலும் அவர் தலையாட்ட வேண்டும். ஆட்ட மாட்டார்.

அவள் எழுதியது சின்ன விஷயம்தான். மெமரி தீர்ந்துபோனால் எந்தப் புரோகிராமை முதலில் நிறுத்துவது என்று கெர்னலே முடிவு செய்யும். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். இது மட்டும் உள்ளே போய்விட்டால் வேலை நிரந்தரமாகும் என்று மலைபோல் நம்பியிருந்தாள்.

“ஏன் சார் வேண்டாங்கறீங்க?”

“எது முக்கியம், எது வேண்டாம்னு கெர்னலுக்கு எப்படித் தெரியும்? வெளியில வை.”

வெளியே வைத்துக் கொண்டுபோனாள்.

“மெமரி தீர்ந்தப்புறம் வெளியில இருக்கிறது எப்படி ஓடும்? உள்ள வை.”

“நீங்கதானே சார் வெளியில…”

“சொன்னேனா? இருக்கும்.”

மறுபடி உள்ளே வைத்தாள். நீளம் என்றார். சுருக்கினாள். புரியவில்லை என்றார். விளக்கம் எழுதினாள். “கதை எழுதியிருக்கியே” என்றார்.

ஒரு மாதம் ஓடிவிட்டது. எழுதியதை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்டரிடம் போய் நின்றாள்.

“அக்கா, தலை சுத்துது. உள்ளேயா, வெளியேயா?”

“அவருக்கே தெரியாது. நான் ஓட்டிப் பார்த்துட்டேன், சும்மா ஜம்முனு ஓடுது. புதுசா வந்தவங்க தலையெடுத்தா அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். மேலிடத்துக்கு எழுதிப் போடு!”

வெள்ளிக்கிழமை காலை புகாரை எழுதி முடித்தாள். அனுப்பப் போகும்போது எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“செலவைக் குறைக்கணும்” என்றார் மேலாளர். “டீம் தலைவர்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே ரகசியமா சொல்லிட்டோம். ஒப்பந்தக்காரங்கள்ல, எடுத்த வேலையை முடிச்சவங்க இன்னியோட கிளம்பலாம். வேலை பாதியில நிக்கறவங்களை மட்டும் நிரந்தரமாக்கறோம்.”

ஒப்பந்தக்காரர்கள் பதினான்கு பேரில் பதிமூன்று பேர் எழுந்து போனார்கள்.

அவளுக்குக் கொடுத்த கடிதத்தில், காரணம் என்ற இடத்தில் ‘பணி முடியவில்லை’ என்று நந்தியின் கையெழுத்தில் இருந்தது.

அவர் மேஜைக்கு ஓடினாள்.

“சார்… நீங்க…”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முதல் தடவை கொண்டுவந்தியே, அதை அனுப்பும்மா. அப்பவே சரியாத்தான் இருந்துச்சு.”