சங்கிலி பூட்டும் முன்

சில்லுகள் கழற்றிய காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் யோகலிங்கம்.

நான்கு மரக்குற்றிகளின் மேல் நின்றது அவருடைய ஒஸ்டின் ஏ-40. இடது மட்கார்ட் உள்ளே ஒடுங்கி, விளக்கு இருந்த இடத்தில் ஒரு குழி. அதற்குள் ஏதோ ஒரு குருவி காய்ந்த புல்லைக் கொண்டுவந்து அடைத்திருந்தது.

காருக்கடியில் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த டிங்கர் ஜமால்தீனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மேல்தகடு எனக்கு ரெண்டு கிழமை வேலை, அண்ணன். சேசிஸ்தான் கோணிப்போய்க் கிடக்கு. முன்னுக்கு ரெண்டு இஞ்ச்."

ஜமால்தீனின் கராஜ் துறைமுகக் கரையோடு ஒட்டியது. இங்கிலிஷ்காரன் கப்பல் கட்ட நட்டுவிட்டுப் போன இரும்புக் குற்றி ஒன்று அதன் முற்றத்தில் உண்டு. கோணிய சேசிஸை அந்தக் குற்றியோடு சங்கிலி பூட்டி இழுப்பார். சிலது நிமிரும். உப்புக் காற்று உள்ளே அரித்த சிலது, படீரென்று முறிந்துபோகும். பூட்டிய பிறகு பாதியில் நிற்பாட்ட ஏலாது.

அதனால் ஓமா இல்லையா என்று இப்போதே சொல்லவேண்டும்.

அவருடைய மனைவி அன்னலட்சுமி பூவரச நிழலில் குடையை மடித்துப் பிடித்தபடி நின்றாள். இரண்டு வருடமாகக் காரை மூடியிருந்த படங்கின் பக்கம்கூடப் போகாதவள், இன்று காலை, "நானும் வாறன்" என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

யோகலிங்கம் கண்ணை மூடினார்.

ஒரு கதவால் புகுந்த கடல்காற்று மறு கதவால் போயிற்று. கார் போகத் தொடங்கியது.

நிலாவெளி றோட்டு. வலது கைப்பக்கம் கடல் கூடவே வந்தது. சல்லியைத் தாண்டும்போது கருவாட்டு வாசம். பின்சீட்டில் ஒரு மணவறைப் பெண், அவள் மடியில் எப்போதோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிறந்த ஒரு குழந்தை, அதற்குப் பக்கத்தில் கிண்ணியாக்காரர் ஒருவரின் ஆடு. அவர் வாடகைக்கு ஓட்டிய இருபத்திரண்டு வருடத்து ஆட்களும் நெருக்கமில்லாமல் இருந்தார்கள். ஒருவரும் இறங்கவேண்டிய இடத்தைச் சொல்லவில்லை.

இதைத் திருத்தி எடுத்தால் அடுத்த மாதம் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடலாம். கொஞ்ச நாளாக வெடிச் சத்தம் கித்தம் இல்லை, றோட்டும் திறந்துவிட்டார்கள். இப்போது பார்க்கிற, சங்கக்கடையில் பருப்பு நிறுக்கிற வேலைக்கு ஒரு கும்பிடு.

தன் கையை நம்பத்தான் பயம்.

கண்ணை மூடினால் கடைசியில் வருவது எண்பத்தாறு மாசி மாதத்து விடியல். உவர்மலைச் சரிவில், வீட்டு முன்னால் நின்ற கார் தன்பாட்டில் உருண்டு, வளைவில் இருந்த கருங்கல் மதிலில் போய் மோதியது. அவர் ஹான்ட்பிறேக்கைச் சரியாக இழுக்கவில்லை என்றார்கள். 'நித்திரையிலேயே கார் ஓடுற டிறைவர்' என்று ஸ்டாண்டில் பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டுக் கதவைப் பூட்டினாலும் திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

காருக்கடியிலிருந்து சிரிப்புக் கேட்டது.

"அண்ணன், உங்களைச் சும்மா பகிடி பண்ணியிரிக்கானுகள்! ஹான்ட்பிறேக் பல்லு ஒண்டும் தேயல்ல. கேபிளும் புதுசு மாதிரி இறுக்கமா இரிக்கு. இது தானா விடாது. ஆரும் கைவச்சு விட்டாத்தான்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

மூடிய கண்ணுக்குள் அந்த விடியல் திரும்பவும் ஓடியது. சரிவில் கார். எப்போதும் மூடியிருக்கும் கதவு இந்த முறை திறந்திருந்தது. ஒருத்தி குனிந்து உள்ளே கையை விட்டாள். அள்ளி முடியாத தலைமயிர் முன்னால் விழுந்தது. இருட்டிலும் அந்தக் கை தடவித் தேடவில்லை. எங்கே அமத்தவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மாரி காலத்தில் பற்றரி இறங்கினால் அவர் பின்னால் நின்று தள்ளுவார். உள்ளே இருந்து ஹான்ட்பிறேக்கை விடுகிறவள் அவள். அவர்தான் பழக்கியவர்.

கண்ணைத் திறந்தார்.

அன்னலட்சுமி துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. குடையின் கொக்கியை விரல்கள் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தன.

ஊர் பகிடி பண்ணிய இரண்டு வருடத்தில் அவள் ஒருநாளும் கூடச் சிரித்ததில்லை. கதை அந்தப் பக்கம் திரும்பினால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். தன்மேல் இருந்த கோபம் என்றே அவர் நினைத்திருந்தார்.

ஜமால்தீன் ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணன், சங்கிலியை எடுக்கட்டா?"

யோகலிங்கம் ஸ்டியரிங்கின் வளையத்தை ஒரு முழுச் சுற்றுத் தடவினார். கடலும் ஆடும் மணவறைப் பெண்ணும் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள்.

"வேண்டாம் தம்பி. கிடக்கட்டும். அண்டைக்கு இழுக்க மறந்தது நான்தான். கை நடுங்கினது."

அன்னலட்சுமி அந்த நிழலுக்குள்ளேயே குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

கை நடுங்கியது பொய்யில்லை. அந்த விடியலுக்கு முதல்நாள் பின்னேரம் தோளில் துவக்கோடு வாசலில் வந்து நின்றவர்கள், யாரென்று கேட்க ஏலாதவர்கள், விடிய ஐந்து மணிக்கு இரண்டு கார் வேண்டும், டிறைவர்மாரும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மற்றது ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் நின்ற இராசையாவின் மொறிஸ் மைனர். அன்று விடிய ஐந்துக்குப் போனது போனதுதான்.

அதைத் திருத்துவதா விடுவதா என்று கேட்க, இன்றுவரை ஒருவரும் ஜமால்தீனிடம் வரவில்லை.