இன்னும் மெலிசா!

"இன்னும் மெலிசா அறு, ராஜாம்பா!"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார் தெய்வசிகாமணி.

சீப்போடு வாசலில் வந்து நின்ற எதிர்வீட்டு மாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜாம்பாளுக்கு வலது தோள் இறுகிப்போய் மூன்று மாதம். கை காதுக்கு மேலே எழும்பாது. தினமும் மாலாதான் வந்து தலைவாரிக் கொண்டை போட்டுவிடுகிறாள். இப்படிப்பட்ட மனைவிக்கு இந்த மனுஷன் வாங்கித் தந்திருப்பது என்ன தெரியுமா? கையால் சுற்றுகிற ரொட்டி மெஷின்!

வெள்ளைக்காரத் தெருவில் வீட்டைக் காலி செய்த யாரிடமோ வாங்கினாராம். கைப்பிடியைச் சுற்றினால் வட்டத் தகடு சுழன்று ரொட்டியைத் துண்டு போடும். அதையும் சமையல் மேடையில் வைக்கக் கூடாதாம். ஃபிரிட்ஜ் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்.

தினம் மூன்று நீட்டு ரொட்டி. முதல் வாரம் விரல் கனத்தில் கேட்டார். இப்போது அப்பளக் கனத்துக்கு வந்திருக்கிறார். தின்று மிச்சமானது மாலா வீட்டுக்குத்தான் போகிறது. அது வேறு விஷயம்.

மாலா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏண்ணே, கை முடியாதவங்கள இப்படிச் சுத்த விடறீங்களே, நீங்க ஒரு நாள் எழுந்து சுத்தினா கொறஞ்சா போயிடுவீங்க?"

"நான் அறுத்தா கோணலாப் போவுதும்மா."

"கடையிலயே அறுத்துத் தராங்களே!"

"அது தடிமனா இருக்கு."

"அப்படி என்னதான் படிக்கிறீங்க, எப்பப் பார்த்தாலும் வாய் முணுமுணுங்குது?"

பேப்பரை வெடுக்கென்று பிடுங்கினாள். அது முந்தாநாள் பேப்பர். ஓரத்தில் வரிசையாகப் பென்சில் கோடுகள். உள்ளே மடித்து வைத்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கீழே விழுந்தது.

'தோள் பயிற்சி: சக்கரம் சுற்றுதல். தோள் உயரத்தில். தினமும் நூற்றைம்பது சுற்று.'

"மெதுவா பேசும்மா, அவ காதுல விழப்போவுது" என்று பதறினார் தெய்வசிகாமணி. "ஆஸ்பத்திரி சொவத்துல ஒரு சக்கரம் மாட்டியிருக்கான். அத சுத்தச் சொன்னாங்க. ரெண்டு நாள் வந்தா. 'வெறும் சக்கரத்த சுத்த எனக்கென்ன பைத்தியமா, வூட்ல வேலை கெடக்கு'ன்னு நின்னுட்டா. வைத்தியம்னா செய்ய மாட்டா, வேலைன்னா செய்வா. அதான் இத வாங்கியாந்தேன். மெலிசா அறுத்தா சுத்து ஜாஸ்தி. அத எண்ணித்தான் பேப்பர்ல கோடு போடறேன்."

"அப்ப ரொட்டின்னா உங்களுக்கு உசுரு இல்லியா?"

"அட நீ வேற! ரெண்டு மாசமா தின்னு நாக்கு செத்துப்போச்சு. அவ கை கொண்டைக்கு எட்டட்டும், அன்னிக்கே இந்த எழவக் கடாசிட்டுப் பத்து இட்லி தின்னப் போறேன்."

மாலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் திட்டிய திட்டை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. சமையலறைக்கு ஓடினாள்.

ராஜாம்பாள் திரும்பினாள். தலையில் கொஞ்சம் கோணலாக ஒரு கொண்டை.

"அக்கா! யாரு போட்டுவிட்டது?"

"நாந்தாண்டி! இன்னிக்குக் கை எட்டிடுச்சு!"

"அப்புறமென்ன! மெஷின தூக்கிப் பரண்ல போட்டுட்டு, நாளைக்கு அண்ணனுக்கு இட்லி ஊத்துக்கா."

"சே, பாவம்டி! இத சுத்தறது எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா கல்யாணமாகி முப்பது வருஷத்துல, இது வேணும்னு அவரு வாயத் தொறந்து கேட்டது இந்த ரொட்டி ஒண்ணுதான். எவ்ளோ ஆசையா தின்றாரு தெரியுமா?"

கைப்பிடியை ஜோராக ஒரு சுற்றுச் சுற்றினாள் ராஜாம்பாள்.

"இப்பதான் கை நல்லாயிடுச்சே. இனிமே ராத்திரிக்கும் அவருக்கு ரொட்டியே அறுத்துப் போடலாம்னு இருக்கேன்!"